லூசிண்டாவுக்கு ஒரு முட்டாள்

ஷூவைக் கழற்றச் சொன்னேன், கழற்றவில்லை. தேக்குத் தளம், தோல் ஷூ வழுக்கும், பலகையையும் கீறும் என்று படகு கட்டும் ஜெட்டியில் வைத்தே சொன்னேன். அந்த ஆள் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, ‘புது ஷூ அண்ணாச்சி, இன்னும் மண்ணக்கூட மிதிக்கல’ என்றார். மண்ணை மிதிக்காத அந்த ஷூ இப்போது என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருக்கிறது. முன்னால் போகிறது, நிற்கிறது, எதையோ தட்டிப் பார்க்கிறது, திரும்பி வருகிறது. கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பார்க்க வந்தவன் நடக்கிற நடை. நான் கீழே இஞ்சின் அறையில், இடது இஞ்சினுக்கும் வலது இஞ்சினுக்கும் நடுவே முக்காலியில் உட்கார்ந்து, மடங்காத வலது காலை நீட்டிப் போட்டிருக்கிறேன். படகை ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். ஓட்டிப் பார்க்கட்டும். பழைய துறைமுகத்தின் அழுக்குத் தண்ணீரைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம் என்று அடிப்பலகையில் உரசும் தண்ணீரின் சத்தம் சொல்கிறது. மேலே நான்கு பேர். ஷூக்காரர் கோமதிநாயகம், சங்கரன்கோவிலில் மினி பஸ் விடுகிறவர். அவருடைய மனைவி சண்முகக்கனி, படகில் கால் வைத்ததும் உள்ளே சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டவள். புரோக்கர் ஜெபசிங். கூலிக்கு சுக்கான் பிடிக்க வந்த விசைப்படகு டிரைவர் இன்னாசி. நான்கு பேரில் ஒருவருக்கும் தாங்கள் எதன்மேல் நிற்கிறோம் என்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது. அப்படிப்பட்ட ஆளைத்தான் இத்தனை மாதமாகத் தேடினேன்.

சகல வசதிகளும் கொண்ட சொகுசுப் படகு, கரையோரப் பயணத்துக்கு மிகவும் ஏற்றது, ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது, பார்த்தால் விடமாட்டீர்கள். ஜெபசிங் போனில் போட்ட விளம்பரம் அது. சொகுசு என்று எழுதிய விரல் இங்கே வந்து இந்த எக்ஸாஸ்ட் குழாயை ஒரு தடவை தொடட்டும். ஐஸ் கம்பெனி மிஷினும் பழைய லாஞ்சும் விற்றுக் கொடுக்கிறவன் அவன், எதை விற்றாலும் சொகுசு என்பான், சவப்பெட்டியை விற்கச் சொன்னாலும் உள்ளே மெத்தை இருக்கிறது என்று ஆரம்பிப்பான். சகல வசதி என்பது மட்டும் பொய்யில்லை. ரேடார் இருக்கிறது, ஆழம் காட்டும் கருவி இருக்கிறது, நாம் டீ குடிக்கும்போது தானாகத் திசை பிடிக்கும் கருவி இருக்கிறது, ஜெனரேட்டர், நங்கூரம் தூக்கும் மோட்டார், வெந்நீர், ஃப்ரிட்ஜ், அலையில் பாத்திரம் சரியாமல் சட்டம் போட்ட கேஸ் அடுப்பு, தூங்க இரண்டு அறை. ஒவ்வொன்றையும் நான் பிரித்து, பார்த்து, திரும்பப் பூட்டியவன். ரேடாரைப் பிரித்தபோது இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு கையிலும் அகராதியை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் அந்த மனிதரிடம் ஜெட்டியில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது, ‘லிட்டருக்கு எம்புட்டு குடுக்கும்?’ கடலில் அப்படி இல்லை, மணிக்கு இத்தனை லிட்டர் என்றுதான் கணக்கு என்றேன். ‘அப்ப மைலேஜ் கிடையாதுங்கிய’ என்று ஜெபசிங்கைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு பக்கவாட்டில் தொங்கிய ரப்பர் உருளையை, டயரை உதைப்பதுபோல ஒரு உதை உதைத்தார். பிறகு ஹாரன் எங்கே என்று கேட்டு அதை அழுத்தினார். நீர்க்காகம் எல்லாம் பறந்தது. ‘சத்தம் நல்லாருக்கு’ என்றார். கிட்டத்தட்ட ஐம்பது வருசத்துப் படகில் அவருக்குப் பிடித்தது ஹாரன்.

இன்னாசி சக்கரத்தை முறுக்குகிறான். ஸ்டீரிங் எண்ணெய்க் குழாய் என் தோளை ஒட்டித்தான் பின்னால் போகிறது, மேலே சக்கரம் அசைந்தால் இங்கே முனகும். இவன் கையில் அது முனகலில்லை, பிரசவ ஆஸ்பத்திரி. இடது, வலது, இடது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் இருக்கிற குடும்பம், கடலோடு சண்டை போட்டே பழகிவிட்டார்கள், மீன் பிடிக்கிறார்களா மீனை அடிக்கிறார்களா என்று தெரியாது. ‘மாமா, நான் கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்’ என்று காலையில் சொன்னான். மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறான் போலிருக்கிறது. கித்தேரி பிடித்தபோது இந்தக் குழாய் முனகியதே இல்லை. பெருமூச்சு மாதிரி ஒன்று வரும், பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது. என் மனைவி கித்தேரியம்மாள். அவள் அப்பா தோணித் தண்டல், கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப்போன தோணியை நடத்தியவர். தோணியில் பெண் ஏறக்கூடாது, ஆனால் தீவுக்குப் போகிற சின்ன வள்ளத்தில் மகளை உட்கார்த்தி சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டார், கொடுத்ததை அப்புறம் யார் வாங்க முடியும். கொச்சியில் ஒரு கால்வாயில் பாதி மூழ்கிக் கிடந்த இந்தப் படகை, லூசிண்டாவை, நான் இரும்பு விலைக்கு எடுத்தபோது, இவள்தான், ‘எவளோ ஒருத்தி பேரு எழுதியிருக்கு, அது யாருன்னு கேட்டியளா?’ என்றாள். முதல் ஓட்டத்தில் நான் சுக்கானைப் பிடித்தேன். துறைமுகத்தைவிட்டு வெளியே வந்த முதல் அலையிலேயே என்னை நகரச் சொல்லிவிட்டாள். நான் கீழே வந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான், அப்படியே ஆகிவிட்டது, அவள் மேலே, நான் கீழே. ஊர் சும்மா இருக்குமா. சந்தியாகு பொண்டாட்டிக்குக் கீழ வேல பாக்கான் என்று என்னைச் சொல்லி மீன் ஏலக்கூடம் முழுக்கச் சிரித்தார்கள். அவள் ஒரு நாள் ஏலக்கூடத்துக்கே போய், ‘ஆமா, படகுலதான் மேலயும் கீழயும். வீட்டுல ரெண்டு பேரும் ஒரே தரையிலதான் படுக்கோம். ஒங்க வீட்டுல எப்படி?’ என்று கேட்டுவிட்டு இரண்டு கிலோ ஊளி மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த ஊளியில் குழம்பு வைத்தபோதும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை, உப்பு கூடிவிட்டது. அன்று சிரித்த வாய்களில் பாதி இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. மீதிப் பாதி என்னைக் கண்டால் கேப்டன் என்கிறது.

ஷூ மறுபடி வருகிறது. அடுப்புப் பக்கம் நின்று கதவைத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. என்ன பார்க்கிறார், பலசரக்கா. கரையோரப் பயணம் என்று ஜெபசிங் எழுதியிருக்கிறானே, அதை அவனிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வான். மணப்பாடு, உவரி, குளச்சல், விழிஞ்ஞம், கொல்லம், வடக்கே பாம்பன்வரை, பனிக்காலத்தில் கடல் படிந்து கிடக்கும்போதெல்லாம் போனோம், ராத்திரி எங்காவது நங்கூரம் போட்டுக் காலையில் இட்லி. ஆனால் அந்தக் கரையை நான் பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது இந்த அறையின் வெள்ளைப் பெயிண்ட் அடித்த சுவர். மேலே ஏதாவது தெரிந்தால் அவள் குதிகாலால் தளத்தில் ஒரு மிதி மிதிப்பாள், வந்து பாருங்க என்று அர்த்தம். நான் எண்ணெய்க் கையைத் துடைத்து, ஏணியில் ஏறி, கண் கூச வெளியே வருவேன். ‘போயிட்டு’ என்பாள். ஓங்கில், அதாவது டால்பின் கூட்டம், போய்விட்டிருக்கும். மணப்பாட்டுக் குன்றின்மேல் விழுந்த வெயில் போய்விட்டிருக்கும். நான் பார்த்த கடற்கரை முழுவதும் சற்றுமுன் போய்விட்டதுதான். ‘நீங்க ஏறி வர்றதுக்குள்ள இந்தியாவே முடிஞ்சிரும்’ என்பாள். பிறகு நான் கீழே இறங்கினதும், காற்றுக்குழல் வழியாகக் குனிந்து, என்ன பார்த்தாள் என்று சொல்வாள். அதனால் கன்னியாகுமரி முனையைச் சுற்றினதை நான் கேட்டுத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு கடல் தண்ணீரும் சேருகிற இடத்தில் கோடு கிழித்த மாதிரி நிறம் மாறுது என்றாள். எனக்கு அங்கே இரண்டு இஞ்சினும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கியது. அதுதான் என்னுடைய கன்னியாகுமரி. யாருக்குக் கிடைக்கும்.

வெள்ளைப் பெயிண்ட் உரிய ஆரம்பித்திருக்கிறது. அவள் போய் மூன்று வருசமாக லூசிண்டா ஜெட்டியில்தான் கிடக்கிறது. வாரம் ஒரு தடவை வந்து இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டுப் போவேன், கட்டிய மாட்டுக்குப் புல் போடுவதுபோல. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் பேசியதைக் கேட்டுவைத்திருப்பேன் என்று கோயம்புத்தூரில் இருக்கும் மகள் நினைக்கிறாள். குழாய் எல்லாம் சொருகிக் கிடந்தவள் என்ன பேசுவாள். எனக்கு மூட்டு போய்விட்டது, ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், டாக்டர் சொன்னதை மகளிடம் சொன்ன நான் ஒரு மடையன், மறுநாளே ‘வித்திருங்கப்பா’ என்று ஆரம்பித்துவிட்டாள். விற்கத்தான் வேண்டும். ஓடாத படகு அழுகும். மழை பிடிப்பதற்குள் கைமாறாவிட்டால் அடுத்த வருசம் பலகையைப் பிரித்து விறகாகத்தான் விற்கவேண்டும். அது எனக்குத் தெரியும், வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் சித்திரையில் ஒரு கப்பல் அதிகாரியும் அவர் மனைவியும் கொச்சியிலிருந்து வந்தார்களே. இரண்டு பேரும் சொல்லாமலே செருப்பை ஜெட்டியில் விட்டார்கள். அந்த அம்மாள் சுக்கான் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்று, தொடலாமா என்று கேட்டாள். கேட்ட விதம். கித்தேரியின் உள்ளங்கை தேய்த்து வழவழப்பாக்கிய இடத்தில் அந்த அம்மாளின் உள்ளங்கை சரியாகப் போய் உட்கார்ந்தது. அடிப்பலகையில் புழு விழுந்திருக்கிறது, வாங்கவேண்டாம் என்றேன். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. ஜெபசிங் தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு என்ன தெரியும். நல்லவர்கள் கையில் போனால் லூசிண்டா ஓடும். கித்தேரி நின்ற இடத்தில் இன்னொருத்தி நிற்பாள், குன்றின்மேல் அதே வெயில் விழும், அதைப் பார்த்து யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், கித்தேரி இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று ஆகிவிடும். முட்டாள் வாங்கினால் அந்தத் தொந்தரவு இல்லை. ஹாரனை அழுத்துவான், சீரியல் பல்பு கட்டுவான், பேரன் பிறந்தநாளைக்குப் பலூன் தொங்கவிடுவான், மூன்றாம் மாசம் அலுத்துப்போய் ஏதாவது ஜெட்டியில் கட்டிவிட்டுப் போவான். முடிந்தது முடிந்ததாக இருக்கும். அதனால்தான் ஷூ கழற்றாத ஆள் என்றதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. இந்த முகத்துக்கு விற்கலாம் என்று தோன்றியது.

முயல்தீவைத் தாண்டிவிட்டோம். கச்சான் காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது, பின்னாலிருந்து அலை வந்து படகின் பிட்டத்தைத் தூக்குகிறது. மேலே சண்முகக்கனி வாந்தி எடுக்கிறாள், அது காற்றுக்குழல் வழியாக எல்லாருக்கும் பொதுவாகக் கேட்கிறது. ‘மேடம், தூரத்தப் பாருங்க, தூரத்தப் பாத்தா சரியாயிரும்’ என்கிறான் ஜெபசிங். ‘ஒம் மூஞ்சியப் பாத்துதான் இந்த நெலம, தூரமா வேற பாக்கணுமா’ என்கிறாள் அவள், இந்த நிலையிலும். பரவாயில்லை, இவளுக்கு வாய் இருக்கிறது. கோமதிநாயகம் குழலுக்குப் பக்கத்திலேயே நின்று பேசுகிறார், கீழே காது இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. ‘இங்கன ஒரு டிவி. அந்தக் கட்டிலத் தூக்கிட்டா ஒரு இருவது பேரு உக்காரலாம். மேல கலர் லைட்டு.’ ‘போட்டுரலாம் சார்’ என்கிறான் ஜெபசிங். ‘ஸ்பீக்கர்?’ ‘போட்டுரலாம் சார்.’ கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருக்கிறது. சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள். கழிவறைக்கு மார்பிள் போடுங்கள். மீன் தொட்டி வையுங்கள், கடலுக்கு நடுவில் மீன் தொட்டி. ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தப் படகு என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போகிறது. இந்த மனிதரை இன்னும் கொஞ்ச நேரம் பேசவிட்டால் சாயந்திரம் நான் வெறும் கையை வீசிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். இன்னாசி சக்கரத்தை முறுக்க, பின்னால் வருகிற அலை ஒரு பக்கம் இழுக்க, படகு பாம்பு மாதிரி நெளிகிறது, வலது இஞ்சின் கத்துகிறது, இடது விக்குகிறது. சகல வசதியும் கொண்ட படகில் ஓட்டத் தெரிந்தவன் என்ற வசதி மட்டும் இல்லை. ‘தள்ளுப்பா’ என்று யாரோ சொன்னது கேட்கிறது. இன்னாசி என்னமோ முணுமுணுக்கிறான். பிறகு காற்று.

குழாய் முனகவில்லை. நின்றுவிட்டதோ என்று கையை வைத்துப் பார்க்கிறேன். உள்ளே எண்ணெய் நகர்கிறது, கொஞ்சம்போல, பிறகு நிற்கிறது. அலை தூக்குகிறது, இப்போது முறுக்குவான் என்று பல்லைக் கடிக்கிறேன், முறுக்கவில்லை. அலை முதுகில் ஏறும்வரை விட்டுவிட்டு, சரியப்போகும்போது ஒரு பிடி, அவ்வளவுதான். இரண்டு இஞ்சினும் ஒரே சுருதிக்கு வந்துவிட்டன. மூன்று வருசமாக இந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. முக்காலியில் இருந்தபடியே பின்சுவரில் நன்றாகச் சாய்ந்துகூட விட்டேன், சாய்ந்த பிறகுதான் சட்டென்று நிமிர்ந்தேன். யார் அது. தானாகத் திசை பிடிக்கிற கருவி இல்லை, அதற்கு இந்த அலை தெரியாது, அது எல்லா அலைக்கும் ஒரே பதில் சொல்லும். இன்னாசியா, திடீரென்று புத்தி வந்துவிட்டதா. இல்லை, இன்னாசியின் வெறுங்கால் பின்பக்கத்தில் தொம் தொம் என்று நடக்கிறது, பீடி வாசனைகூடக் குழலில் வருகிறது. ஜெபசிங்கின் ரப்பர் செருப்பு முன்பக்கம், படம் எடுக்கிறான். சண்முகக்கனி படுத்திருக்கிறாள். மிச்சம். மிச்சம் ஷூ. ஷூ எங்கே. ஷூ சத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. கலர் லைட்டு. ஸ்பீக்கர். மைலேஜ். இருக்க முடியாது. கடலை இன்றைக்குத்தான் பார்க்கிற மனிதர், சங்கரன்கோவிலில் எந்தக் கடல். தெப்பக்குளத்தில் ஓட்டினாரா. அதோ, அலை பெரிதாக வருகிறது, பின்பக்கம் எழும்புகிறது, இதில் தெரிந்துவிடும், இதில் எல்லாரும் பயந்து சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள், நான்கூட அப்படித்தான், அன்றைக்குக் கித்தேரி என்னை நகரச் சொன்னதே அதனால்தான். சுற்று. தயவுசெய்து சுற்று. ஒரு பெருமூச்சு வந்தது, பிறகு ஒன்றும் இல்லை.

கை தானாகப் போய் இடது இஞ்சினின் டீசல் டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பித்தளை டேப்பு, சூடாக இருக்கிறது. கொஞ்சம் மூடினால் போதும். இஞ்சின் இருமும், புகை தள்ளும், பழைய இஞ்சின், என்ன செய்ய, உங்களுக்கு இது ஆகாது என்று சொல்லிவிடலாம், புழுவுக்குப் பதிலாக இது. அப்புறம் வேறு முட்டாள் வருவான். நாட்டில் முட்டாளுக்கா பஞ்சம், ஜெபசிங்கின் போனில் ஒரு ஊரே இருக்கிறது. ஒரு உண்மையான, அப்பழுக்கில்லாத, கையும் முட்டாளாக இருக்கிற முட்டாள். நான் ஒழுங்காகப் பராமரித்த இஞ்சினை நானே கழுத்தைப் பிடிக்கப்போகிறேன், இந்த வயசில், ஒரு மினி பஸ்காரருக்குப் பயந்து. சீ என்று இருக்கிறது. சீ என்று இருக்கும்போதே டேப்பைத் திருகிவிட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. குழாயில் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு, இடது இஞ்சின் ஒரு தடவை விக்கியது, நின்று யோசித்தது, இருமியது. கூச்சல் வரும் என்று காத்திருந்தேன். பயந்து இரண்டு இஞ்சினின் வேகக் கைப்பிடியையும் ஒரே இழுப்பாக இழுப்பார், படகு அலையில் குறுக்கே விழும், அவர் மனைவி அலறுவாள், கதை முடியும். கூச்சல் வரவில்லை. வலது இஞ்சின் மெதுவாக இறங்கியது, இடதோடு சேர்ந்து, நொண்டுகிற ஆளோடு கூட நடக்கிறவன் நடையைக் குறைப்பதுபோல. சுக்கான் ஒரு பிடி வலதுக்குப் போய் நின்றது. படகு நேராகவே இருந்தது. பிறகு காற்றுக்குழல் வழியாக, நிதானமாக, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற குரலில், ‘அண்ணாச்சி, இடது இஞ்சின் பட்டினி கெடக்கு. கீழ என்ன செய்யுதிய?’

டேப்பைத் திறந்தேன். இஞ்சின் இரண்டு தடவை செருமிவிட்டு ஒழுங்காயிற்று. ஏணியில் ஏறினேன், மூட்டு ஒவ்வொரு படிக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மேலே வெளிச்சம், கண் கூசி, பிறகு தெரிந்தது. கோமதிநாயகம் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு வெறுங்காலில் சக்கரத்துக்கு முன்னால் நிற்கிறார். கழற்றின ஷூ இரண்டும் உருளாமல் இருக்கப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடக்கிறது, அதை மட்டும் வெறுத்துக்கொண்டேன். நான் வந்து நின்றும் அவர் முகத்தைத் திருப்பவில்லை, கண் கடலில் இருக்கிறது. ‘தாகம் தீந்துட்டா அதுக்கு?’ என்றார். தீர்ந்தது என்றேன். ‘டேப்பு தானா மூடிக்கிட்டா, மூடுனியளா?’ நான் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தேன். அவர் ஒரு அலையை விட்டுப்பிடித்தார். ‘நானும் செஞ்சிருக்கேன். லாரி ஓட்டுன காலம், மல எறக்கத்துல லோடு பின்னாலருந்து தள்ளும், இந்த அல மாதிரிதான். மொதலாளி வண்டிய விக்கணும்னு ஆளக் கூட்டியாந்தாரு, ஓட்டிக் காட்டச் சொன்னாரு. எனக்குக் குடுக்க மனசில்ல. சீட்டுக்கடியில கையவிட்டு டேப்ப மூடிட்டேன்.’ அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கக்கூடாது, கேட்டேன். ‘வித்துட்டாரு. வெவரமான ஆளுக ரெண்டு பேரு வந்து வேண்டாம்னுட்டுப் போனாங்க, மூணாவதா ஒரு கோட்டிப்பய, ஒண்ணுந் தெரியாதவன், வாங்கிட்டுப் போனான். செங்கோட்டைக்கு மேல வளைவுல உருண்டு கெடக்குன்னாங்க. பஸ் ஏறிப் போய்ப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது.’ பின்னாலிருந்து ஒரு அலை வந்தது, அதற்கு அவர் ஒரு பிடி கொடுத்தார், அது போயிற்று. காசுவார் தீவின் மரங்கள் இடது பக்கம் தெரிந்தன. மரம், மணல், அதன்மேல் வெயில், ஒன்றும் போய்விடவில்லை, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த இடம் இப்படியா இருக்கும் என்று நினைத்தேன். கீழே யாரும் இல்லை என்பதும் அப்போதுதான் நினைவு வந்தது.

‘வெலை நீங்க சொன்னதுதான், பேரமெல்லாம் கெடையாது’ என்றார் அவர். ‘ஆனா நீங்களும் கூட வரணும். கீழ இருக்கணும்.’ ஏணி எனக்கு ஆகாது, டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். ‘பெறவு கீழ யாரு? இன்னாசிய வச்சிக்கிடவா?’ பின்னாலிருந்து இன்னாசி, ‘சம்பளம் எவ்வளவு மொதலாளி?’ என்றான். ‘சம்பளத்துக்கு வர்றவன் இதுக்கு ஆகாது’ என்று என் வாய் சொன்னது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டு எனக்கே எரிச்சலாக இருந்தது, விற்கிறவன் விற்றுவிட்டுப் போகவேண்டியதுதானே. கோமதிநாயகம் முதல் தடவையாகக் கடலிலிருந்து கண்ணை எடுத்து சோபாவைப் பார்த்தார். சண்முகக்கனி கண்ணைத் திறக்காமலே, ‘என்னய ஏன் பாக்கிய’ என்றாள். ‘நான் எங்க பாத்தேன்.’ ‘பாக்கிய. எனக்குத் தெரியும்.’ பிறகு அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னிடம் கேட்டாள், ‘கீழ இருந்தா இந்தக் கடலு தெரியுமா?’ தெரியாது என்றேன். ‘ஒரு சொட்டும் தெரியாதா?’ சுவர்தான், வெள்ளைப் பெயிண்ட் என்றேன். ‘சூடு?’ உண்டு, சத்தமும் உண்டு, ஆட்டமும் இருக்கத்தான் செய்யும் என்றேன். ‘இருந்துட்டுப் போவுது. கண்ணுக்குத் தெரியாம ஆட்டட்டும். இந்த எழவ மேல உக்காந்து பாக்கதுக்கு அது தேவலாம்’ என்று எழுந்து, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஏணி வாயில் வந்து நின்றாள். முகத்தை ஏணிக்குத் திருப்பி இறங்கச் சொன்னேன். இறங்கினாள். தலை மறையும் நேரத்தில் ஜெபசிங் ஓடிவந்து போனை நீட்டி, ‘மேடம், அப்படியே ஒரு செகண்ட், சிரிச்ச மாதிரி, கீழ சொகுசுன்னு போட்டுரலாம்’ என்றான். இந்தப் படகில் நான் முழுமனதாக வெறுக்க அவன் ஒருவன்தான் மிச்சம். அவனும் ஏதாவது நல்லதாகச் செய்து தொலைப்பதற்குள், ‘போன உள்ள வய்யி, யாவாரத்தப் பேசி முடிச்சிரு’ என்றேன்.